நூறு லிட்டருக்கு 200 கிராம் சோப்பு

மதுராந்தகம் பக்கத்து நெல் விவசாயிகளுக்கு வேப்பங்கொட்டைக் கரைசலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து கிலோ வேப்பம்பருப்பை இடித்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் துணியால் வடிகட்டி, நூறு லிட்டருக்குக் கொண்டுவந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பானில் அடிப்பார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் இந்தச் செய்முறையில் வேம்பு, தண்ணீர், வடிகட்டத் துணி தவிர இன்னும் ஒரு பொருள் உண்டு. அது 200 கிராம் சோப்பு. பூச்சியை விரட்டும் கசப்பெல்லாம் வேம்பிலிருந்து வருகிறது. அப்படியிருக்க, துணி துவைக்கும் சோப்புக்கு வயலில் என்ன வேலை?

விடை நெல் இலையிலேயே இருக்கிறது. இளம்பயிரின் மேல் வெறும் தண்ணீரைத் தெளித்தால் இலையில் ஒரு துளிகூடத் தங்காது. மணிமணியாகத் திரண்டு, காற்றில் இலை லேசாக அசைந்ததும் உருண்டு வயலில் விழுந்துவிடும். பட்டும் படாமலும் இருப்பவரைத் தாமரை இலைத் தண்ணீர் என்பார்கள். நெல் இலையும் சேப்பங்கிழங்கு இலையும் தண்ணீர் விஷயத்தில் தாமரை இலையைப் போலவே நடந்துகொள்பவை. இலையின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. அந்தப் பரப்பெங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முகடுகள். முகடுகளுக்கு நடுவே காற்று தங்கியிருப்பதால் துளி முகடுகளின் உச்சியை மட்டுமே தொடுகிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸ் என்பவரோடு சேர்ந்து 1997-ல் இதை விரிவாக எழுதினார். 'தாமரை விளைவு' என்ற பெயர் அதன் பிறகுதான் உலகெங்கும் பரவியது.

இலையின் மெழுகு பாதிக் காரணம்தான். மீதிப் பாதி தண்ணீரின் குணம்.

தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக இழுத்துக்கொள்பவை. உள்ளே இருக்கும் ஒரு மூலக்கூறை நாலா பக்கமும் அண்டை மூலக்கூறுகள் இழுப்பதால் இழுப்புகள் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கோ தலைக்கு மேல் வெறும் காற்று. பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் மட்டும்தான் அதற்கு இழுப்பு. அதனால் தண்ணீர் தன் மேற்பரப்பை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கிக்கொள்ளப் பார்க்கிறது. குறிப்பிட்ட கொள்ளளவுக்கு மிகக் குறைந்த பரப்புள்ள வடிவம் உருண்டை. இலைமேல் விழுந்த துளி உருள்வது அதனால்தான். பள்ளிப் பாடநூல்கள் இந்தச் சுருங்கும் இழுப்பைப் பரப்பு இழுவிசை என்கின்றன.

25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தூய தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். தராசுக் கணக்கில் பார்க்கலாம். தண்ணீர்ப் பரப்பில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தக் கோட்டை இரு பக்கமும் எதிரெதிராக இழுக்கும் விசை சுமார் 7 கிராம் எடைக்குச் சமம். போதுமான சோப்பைக் கரைத்துவிட்டால் அதே விசை மூன்று கிராமுக்கும் கீழே இறங்கிவிடும்.

ஏழு கிராம் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கற்களைக் கேட்டால் அதன் பலம் தெரியும். கல்லின் நுண்துளைகளுக்குள் ஈரத்தை ஏற்றிச் செல்வதில் பரப்பு இழுவிசைக்குப் பெரும் பங்கு உண்டு. ஈரம் காய்ந்ததும் உள்ளே நிற்கும் உப்பு படிகமாகி, துளையை விரித்து, கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது. இந்தியத் தொல்லியல் துறை ஈரக் காகிதக்கூழைக் கல்லின் மேல் அப்பி அந்த உப்பை வெளியே எடுத்துவருகிறது. காகிதக்கூழ் உப்புநீரை உறிஞ்சுவதும் இதே விசையின் துணையோடுதான்.

சோப்புக்கு வருவோம். கொழுப்பையோ எண்ணெயையோ காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் கிடைப்பது சோப்பு. அதன் மூலக்கூறு நீளமானது, இரு முனைகளும் எதிர்க்குணம் கொண்டவை. ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும். நீண்ட வாலுக்கு எண்ணெயோடுதான் ஒட்டு, தண்ணீரென்றால் ஆகாது. இந்த மூலக்கூறு தண்ணீரில் கரைந்ததும் மேற்பரப்பைத் தேடி ஓடுகிறது. தலையைத் தண்ணீரில் வைத்து வாலைக் காற்றில் நீட்டிக்கொண்டு அங்கே நெருக்கியடித்து நிற்கிறது. ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்த தண்ணீர் மூலக்கூறுகள் இருந்த இடத்தில் இப்போது பிடிப்புக் குறைந்த வால்கள். மேற்பரப்பைச் சுருக்கும் வேகம் தணிகிறது, துளியின் உருண்டை தளர்ந்து தட்டையாகிறது, இலைமேல் படர்கிறது. வேம்பின் எண்ணெய்ப் பசையைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கலந்து வைப்பதும் அதே சோப்புதான். அந்த 200 கிராம் இல்லாவிட்டால் ஐந்து கிலோ வேப்பம்பருப்பும் ஒரு நாள் உழைப்பும் சேற்றில் போய்ச் சேரும்.

நூறு லிட்டருக்கு 200 கிராம் என்றால் லிட்டருக்கு 2 கிராம். இந்த அளவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஷாம்பு பாட்டிலின் பின்பக்கம் சோடியம் லாரில் சல்ஃபேட் என்று ஒரு பெயர் பலர் கண்ணில் பட்டிருக்கும். தூய தண்ணீரில் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால் பரப்பு இழுவிசை இறங்கிக்கொண்டே வரும். லிட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிராமில் இறக்கம் நின்றுவிடும். மேற்பரப்பில் இனி இடமில்லை என்று பொருள். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு கிராமும் தண்ணீருக்கு உள்ளே, வால்களை நடுவில் வைத்துத் தலைகளை வெளியே காட்டும் நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டுகொள்ளும். துவைக்கும்போது துணியிலிருந்து பெயர்ந்த எண்ணெய் அழுக்கைத் தங்கள் நடுவில் அடைத்துக்கொண்டு போவது அந்த உருண்டைகள், ஆகவே அவை வீணில்லை. ஆனால் தண்ணீரை இழை இழையாகத் துணிக்குள் ஊடுருவச் செய்யும் வேலை அந்த எல்லையோடு முடிந்துவிடுகிறது. ஒரு பிடி பவுடர் போதுமான வாளியில் மூன்று பிடி போட்டால் கூடுவது நுரையும், அலசுவதற்குச் செலவாகும் தண்ணீரும்தான்.

வெந்நீரில் துவைப்பதற்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. 20 டிகிரியில் கிட்டத்தட்ட 73 ஆக இருக்கும் இழுவிசை கொதிநிலையில் 59-க்கு இறங்குகிறது. அந்தக் காலத்து வெள்ளாவியில் நீராவியும் காரமும் சேர்ந்து செய்த வேலையில் இதற்கும் பங்கு இருந்தது. ஆயினும் சூடு கொண்டுவரும் இறக்கம் சோப்பு தரும் இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த விசையைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம், நீர்க்கோலம் போதும். அகலமான பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் நிரப்பி, அசைவு அடங்கியதும் மேலே கரித்தூளை மெல்லியதாகத் தூவி, அதன் மேல் கோலமாவில் இழை இழுப்பார்கள். மாவு முழுகாமல் நிற்பது பரப்பு இழுவிசையின் தயவால். அந்தக் கோலத்தின் நடுவில் ஒரே ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் கரித்தூளும் மாவும் விளிம்புக்கு ஓடிவிடும். சோப்பு எல்லாவற்றையும் தள்ளிவிட்டதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நடந்தது வேறு. கயிறு இழுக்கும் போட்டியில் ஓர் அணி திடீரென்று பிடியை விட்டால் கயிறு எந்தப் பக்கம் போகுமோ அப்படி, சோப்பு விழுந்த இடத்தில் இழுப்பு தளர்ந்ததும் சுற்றிலும் இருக்கும் சுத்தத் தண்ணீர் தூளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடம் நோக்கி நீர்ப்பரப்பு ஓடும் இந்த நிகழ்வுக்கு, 1865-ல் இதை ஆராய்ந்த இத்தாலியர் கார்லோ மரங்கோனியின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

காகிதப் படகின் பின்னால் கற்பூரத் துணுக்கு வைத்து ஓட்டும் பிள்ளை விளையாட்டும் இதே விதிப்படி நடக்கிறது. கற்பூரம் படகுக்குப் பின்னால் இழுவிசையைக் குறைக்கிறது, முன்னால் இருக்கும் தண்ணீர் படகை இழுத்துக்கொண்டு போகிறது. சோப்புத் துணுக்கு வைத்தாலும் படகு ஓடும், ஆனால் ஒரு தடவைதான். சோப்பு தட்டு முழுவதும் பரவிவிட்டால் எல்லாப் பக்கமும் இழுப்பு ஒன்றாகிவிடுகிறது. தண்ணீரை மாற்றினால் ஒழியப் படகு அசையாது. கற்பூரம் காற்றில் ஆவியாகிவிடும் பொருள், அதனால் நீர்ப்பரப்பு மறுபடி மறுபடி சுத்தமாகி, படகு நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்வதைவிட இந்த இரண்டு படகுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுக் காட்டுவது மேல்.

பரப்பு இழுவிசையின் வரலாற்றில் ஒரு சமையலறையும் இருக்கிறது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பாக்கெல்ஸ் 1862-ல் பிறந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டு வேலை செய்தவர், பாத்திரம் கழுவும் தண்ணீரின் மேற்பரப்பு அழுக்குக்கும் எண்ணெய்க்கும் ஏற்ப மாறுவதைக் கவனித்தார். ஒரு தகரத் தொட்டியும் அதன் குறுக்கே நகரும் ஒரு பட்டையும் செய்து, நீர்ப்பரப்பைச் சுருக்கியும் விரித்தும் இழுவிசையை அளந்தார். பல வருட அளவுகளை ஒரு கடிதத்தில் எழுதி 1891-ல் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு அனுப்பினார். ராலே அதை 'நேச்சர்' இதழுக்குப் பரிந்துரைக்க, அதே ஆண்டு மார்ச்சில் அச்சாயிற்று. பின்னால் நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மூரின் நீர்ப்பரப்பு ஆய்வுகளுக்கு அந்தத் தகரத் தொட்டியே முன்னோடி.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. மெரினாவுக்கு எதிரே நிற்கும் மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன் தமது இரண்டாவது ஆய்வுக் கட்டுரையை 1907-ல் 'ஃபிலாசஃபிக்கல் மேகஸின்' இதழில் வெளியிட்டார். திரவங்களின் பரப்பு இழுவிசையை வளைவைக் கொண்டு அளக்கும் முறை பற்றியது அது. அப்போது அவருக்கு வயது 19-க்குள். ஒளிச்சிதறலுக்காக உலகம் அறிந்த ராமனை இந்தக் கட்டுரையோடு சேர்த்து நினைப்பவர்கள் குறைவு.

இனி, கடல். மாமல்லபுரத்திலோ கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ வலை இழுத்துக் கரையேறியவர்கள் மேலுக்குச் சோப்புப் போட நல்ல தண்ணீரைத்தான் தேடுவார்கள். கடல் தண்ணீரில் குளியல் சோப்பைத் தேய்த்தால் நுரை வராது. பிசுபிசுவென்று வெள்ளையாக ஒன்று கையில் ஒட்டும். கடல்நீரின் பரப்பு இழுவிசை நல்ல தண்ணீரைவிடத் துளியூண்டு கூடுதல் என்பது உண்மை, ஆனால் அந்த வித்தியாசம் இந்தச் சிக்கலுக்குக் காரணமாகும் அளவுக்குப் பெரிதல்ல. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 1.3 கிராம் மக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் இருக்கின்றன. இவை சோப்பு மூலக்கூறைக் கண்டதும் பிடித்துக் கரையாத படிவாக மாற்றிவிடும். மேற்பரப்புக்குப் போய் வேலை செய்ய சோப்பு மிஞ்சுவதில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தின் பல ஊர்களில் போர் தண்ணீரைப் பற்றி இதே குறை உண்டு. பருப்பு வேகாது, தலைமுடி சிக்குப் பிடிக்கும், சோப்பு நுரைக்காது. குளியலறைத் தரையிலும் வாளியின் உட்புறத்திலும் படியும் சாம்பல் நிறப் படிவு, வேலை செய்யாமலே செத்துப்போன சோப்பு. கடின நீர் உள்ள வீட்டில் மாதச் சோப்புச் செலவில் ஒரு பங்கு இப்படித்தான் கால்சியத்துக்குப் போகிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2013 முதலும், இன்னொரு 15 கோடி லிட்டர் எடுக்கும் இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரி முதலும் இயங்குகின்றன. அந்தத் தண்ணீர் போகும் வீடுகளில் அதே கடலின் தண்ணீரில் சோப்பு நன்றாகவே நுரைக்கிறது.

கடின நீருக்கு வேதியியல் கண்ட மாற்று, டிடர்ஜென்ட். இந்தியாவில் சர்ஃப் 1959-ல் கடைக்கு வந்தது; பத்தாண்டு கழித்துக் குஜராத்தில் நிர்மா தொடங்கியது. இன்றைய துவைக்கும் பவுடர்களில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் முதன்மைச் சரக்கு, லீனியர் ஆல்கைல் பென்சீன் என்ற பெட்ரோலியப் பொருளிலிருந்து செய்யப்படுவது. அதைத் தயாரிக்கும் ஆலை ஒன்று வடசென்னை மணலியில் இருக்கிறது, தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனத்துடையது. இதன் மூலக்கூறும் சோப்பைப் போலவே தலையும் வாலும் உள்ளது. கால்சியத்திடம் அவ்வளவு சுலபமாகச் சிக்காது என்பதுதான் வித்தியாசம்.

சோப்பும் பவுடரும் வருவதற்கு முன் இந்த வேலையைச் செடிகள் பார்த்தன. சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு ஆகிய மூன்றிலும் சபோனின் என்ற இயற்கைச் சரக்கு உண்டு. தண்ணீரின் இழுவிசையை அதுவும் குறைக்கிறது, காரம் இல்லாமல். பட்டு விலங்குப் புரத இழை. காரம் அதைக் கெடுக்கும். காஞ்சிப் பட்டைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசுவதும், நகைகளை அதே தண்ணீரில் ஊறவைத்துத் தேய்ப்பதும் காரணமில்லாத பழக்கம் அல்ல. அதே சமயம், இயற்கை என்ற ஒரே காரணத்துக்காக இவற்றைத் தீங்கற்றவை என்று எண்ணிவிடக் கூடாது. சபோனின் உள்ள காய்களையும் பட்டைகளையும் நசுக்கிக் குட்டையில் கலந்து மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது. தண்ணீரின் பரப்பை மாற்றும் பொருள் மீனின் செவுளையும் விட்டுவைப்பதில்லை.

உடலுக்குள்ளும் இந்த வேலை நடக்கிறது. நுரையீரலின் கடைசியில் இருக்கும் கோடிக்கணக்கான காற்றுப் பைகளின் உட்சுவரில் ஈரப் படலம் ஒன்று எப்போதும் உண்டு. அது வெறும் தண்ணீராக இருந்தால், மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் பரப்பு இழுவிசை அந்தப் பைகளைச் சுருக்கி மூடிவிடும். அப்படி நேராமல் இருக்க நுரையீரல் தானே ஒரு பரப்புச் சரக்கைச் சுரக்கிறது. மருத்துவர்கள் அதை சர்ஃபாக்டன்ட் என்பார்கள். கருவில் அது போதிய அளவுக்குச் சேர ஏறக்குறைய 34, 35 வாரம் ஆகும். அதற்கு முன் பிறக்கும் குழந்தை முதல் மூச்சிலிருந்தே போராடுகிறது. அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963 ஆகஸ்டில் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து 39 மணி நேரத்தில் இறந்தது இந்தக் குறையால்தான். குறையின் காரணத்தை மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் 1959-லேயே எழுதியிருந்தார்கள். ஆனால் மருந்து இல்லை. 1980-ல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்துச் செம்மைப்படுத்திய சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக் குழாய் வழியே செலுத்திப் பிழைக்க வைத்துக் காட்டினார். இன்று குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அது வழக்கமான மருந்து.

ஆக, இழுவிசையைக் குறைப்பது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எங்கே, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வயலில் லிட்டருக்கு 2 கிராம் உதவி. ஏரியில் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான சில மில்லிகிராமே மீன்குஞ்சுகளுக்கு ஆபத்து.

ஏரிகளின் மேற்பரப்பு காலியிடம் இல்லை. நீண்ட கால்களை விரித்துத் தண்ணீர் மேல் வழுக்கி ஓடும் பூச்சிகளுக்கு அதுதான் தரை. கால்களில் இருக்கும் மெழுகு பூசிய மயிர்களும் தண்ணீரின் இழுவிசையும் சேர்ந்து அவற்றைத் தாங்குகின்றன. சோப்புத் தண்ணீரில் அவை முழுகிவிடும். கொசுப்புழு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மூச்சு விடுவதும் இந்தப் பரப்பைப் பற்றித்தான். சோப்பை ஊற்றினால் கொசு ஒழிந்துவிடுமே என்று தோன்றலாம். செறிவான சோப்புக் கரைசலில் புழுக்கள் முழுகிச் சாவது உண்மை. சாக்கடையில் ஓடும் நீர்த்த சோப்புத் தண்ணீர் அவ்வளவு வலுவுள்ளது அல்ல. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு வீட்டுக் கழிவுநீர்த் தேக்கத்தில்தான் செழிப்பாகப் பெருகுகிறது. எதை ஒழிக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு மீதியைக் கெடுக்கிறது அந்தக் கழிவுநீர்.

வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளுக்கும் இதில் அக்கறை இருக்க நியாயம் உண்டு. 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்திலேயே பாதுகாப்பு பெற்றதாகச் சொல்லப்படும் ஏரி அது. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம் என்று கூடு கட்ட வரும் கூட்டத்தை ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறார்கள். நீர்ப்பறவையின் உடல் நனையாமல் இருப்பதற்கு இறகிழைகளின் நெருக்கமான பின்னலும், வாலடியில் சுரக்கும் எண்ணெயும் காரணம். இழைகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருக்க, இழுவிசை மிக்க தண்ணீர் உள்ளே புக முடியாது. தாமரை இலையில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. இழுவிசை குறைந்த தண்ணீர் அந்தப் பின்னலுக்குள் நுழைந்துவிடும். பறவை நனையும், கனக்கும், உடல் சூட்டை இழக்கும். கடலில் எண்ணெய் கொட்டி அதில் சிக்கிய பறவைகளை அமெரிக்க மீட்புக் குழுக்கள் பாத்திரம் கழுவும் சோப்பால்தான் குளிப்பாட்டுகின்றன. ஆனால் துளி சோப்பும் இறகில் மிஞ்சாதபடி அலசுவதற்கே அதிக நேரம் செலவிடுகின்றன. மிஞ்சினால் அந்தப் பறவையைத் தண்ணீரில் விட முடியாது.

சோப்பு ஊரைத் தாண்டிப் போவதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்த நாட்கள் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29-ல். அதே நாட்களில் மெரினாவிலிருந்து பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் வரை கடற்கரையை வெள்ளை நுரை மூடிக் கிடந்தது. பிள்ளைகள் அதை அள்ளி வீசி விளையாடினார்கள், பெரியவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள், தோலுக்கு ஆகாது என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். பருவமழை வெள்ளம் ஆற்று முகங்கள் வழியாகக் கொண்டுவந்து தள்ளிய சுத்திகரிக்காத கழிவுநீரும் அதில் இருந்த டிடர்ஜென்டும் காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். சீனிவாசபுரம் அடையாற்றின் முகத்தில் இருக்கிறது. தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் சேர்வதும் அந்த அடையாற்றில்தான்.

தூய தண்ணீரை எவ்வளவு கலக்கினாலும் நுரை நிற்காது. குமிழியின் சுவரை அதன் இழுவிசையே கிழித்துவிடும். சோப்பு கலந்த சுவர் எங்காவது மெலிந்தால், அந்த இடத்தில் சோப்பு விலகி இழுவிசை சற்றுக் கூடும், பக்கத்திலிருந்து தண்ணீரை இழுத்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். நுரை நீடித்து நிற்பது இந்தச் சுய மராமத்தால். அலை அடிக்கும் கரையில் காணும் நுரை எல்லாம் சோப்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடற்பாசிகள் சிதைந்து விடும் புரதங்களும் தண்ணீரின் இழுவிசையைக் குறைப்பவையே. மாமல்லபுரம் மணலில் அலை விட்டுப்போகும் மெல்லிய நுரைக்கோடு பெரும்பாலும் அப்படிப்பட்டது, சற்று நேரத்தில் கலைந்துவிடும். ஆள் உயரத்துக்கு எழுந்து, காற்றில் பறந்து, நாள்கணக்கில் கிடக்கும் நுரையின் கதை வேறு. பெங்களூரின் கழிவு சேரும் தென்பெண்ணையில், ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையின் மதகு திறக்கும்போதெல்லாம் பொங்கும் நுரையை அந்தப் பகுதி மக்கள் வருஷா வருஷம் பார்க்கிறார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1950-களில் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்க ஆறுகளில் இதைவிட மோசமாக நுரை பொங்கியது. அப்போதைய டிடர்ஜென்ட் மூலக்கூறின் வால் கிளை கிளையாக இருந்ததால் பாக்டீரியாவால் அதைத் தின்று முடிக்க முடியவில்லை. ஜெர்மனி 1961-ல் சட்டம் போட்டது. 1965 வாக்கில் அமெரிக்க ஆலைகளும் கிளையில்லாத நேர் வாலுக்கு மாறின. ஆற்று நுரை வெகுவாகக் குறைந்தது. மணலியில் தயாராகும் சரக்கும் அந்த நேர்வால் இனம்தான். காற்றோட்டமுள்ள தண்ணீரில் அது சில நாட்களில், அல்லது சில வாரங்களில் சிதைந்துவிடும். பிராணவாயு இல்லாத சாக்கடைச் சேற்றில் சிதையாமல் தங்கிவிடும். வேதியியல் தன் பங்கைச் செய்துவிட்ட நிலையில் மிச்சம் இருப்பது கழிவுநீரைச் சுத்திகரித்து விடும் பொறுப்பு, அது நகராட்சிகளுடையது. செங்கல்பட்டு ரயில் நிலையத்தை நெருங்கும்போது ஜன்னல் வழியே தெரியும் கொளவாய் ஏரி ஊரின் கழிவுநீரைப் பல ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஏரிக்கு முதலில் தேவை, கழிவுநீர் தனியாகப் போக ஒரு வழி. கரையில் பூங்காவும் நடைபாதையும் பிறகு வரட்டும்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. பவுடரைக் கையால் அள்ளிக் கொட்டாமல் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுக்குப் போடுங்கள். எல்லைக்கு மேல் போனால் தண்ணீரின் இழுவிசை மேற்கொண்டு குறையாது. ஏரியில் துவைக்கப் போகிறவர்கள் தண்ணீரைக் குடத்தில் மொண்டு கரையேறி, ஏரிக்குள் திரும்ப வடியாத இடத்தில் துவைத்து அலசுங்கள். மண்ணில் காற்றும் பாக்டீரியாவும் இருக்கின்றன, நேர்வால் டிடர்ஜென்டை அவை பார்த்துக்கொள்ளும். குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் நான்கு கல்வாழை நட்டு வைத்தால் வாசல் சாக்கடைக்கு ஓடுவது கொஞ்சம் குறையும்.